அறுவைக்குப் பின் வலித்தணிப்பு: தோல்வழி மின் நரம்புத் தூண்டல் – முக்கியக் குறிப்புகள்

வரையறை
• தோல்வழி மின் நரம்புத் தூண்டல்: தோலின் மேல் ஒட்டிய மின்முனைகள் வழியாகச் சிறு மின்துடிப்புகளைச் செலுத்தி, புற நரம்புகளைத் தூண்டி, வலியுணர்வைக் குறைக்கும் முறை.
• வழக்குப் பெயர்: டென்ஸ்.
• வகை: மருந்தில்லா வலித்தணிப்பு. ஊசி இல்லை, துளை இல்லை, மயக்கம் இல்லை.
• மின்மூலம்: மின்கலம். வீட்டு மின்னிணைப்பு தேவையில்லை.
• நோயைக் குணப்படுத்தும் முறை அன்று. புண்ணை ஆற்றுவதும் இதன் வேலை அன்று. வலியை மட்டும் தணிப்பது.
• அறுவைக்குப் பின் இதன் தகுதி: பொதுவாகத் துணைச் சிகிச்சை. மருந்துக்கு மாற்று எனத் தேர்வில் எழுதினால் விடை தவறு.

இடக்குறிப்பு: இடைசெவல் (இக்குறிப்புகளின் வட்டார எடுத்துக்காட்டுகளுக்கான ஊர்)
• தூத்துக்குடி மாவட்டம், கோவில்பட்டி வட்டம். கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44ஐ ஒட்டிய கரிசல் சிற்றூர்.
• மாவட்டம் உருவான நாள்: 20.10.1986. பிரிந்தது திருநெல்வேலியிலிருந்து. முதலில் பெயர்: சிதம்பரனார் மாவட்டம்.
• ஒரே ஊர், ஒரே பிறப்பாண்டு (1923), இரு சாகித்திய அகாதெமி விருதாளர்கள்: கு. அழகிரிசாமி – ‘அன்பளிப்பு’, 1970, கி. ராஜநாராயணன் – ‘கோபல்லபுரத்து மக்கள்’, 1991. தமிழ்ப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படுவது. மருத்துவப் பகுதியில் கேட்கப்படாதது.
• அறுவைச் சிகிச்சைக்கு அருகில்: கோவில்பட்டி அரசு மருத்துவமனை. மேல்நிலை: திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி (1965), தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி (2000).
• வட்டாரத்தில் வலியின் வகைச் சொற்கள்: குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், தெறிப்பு, விண்விண். ஒவ்வொன்றும் வேறு வலி.
• இவ்வகைச் சொற்களே வலி மதிப்பீட்டின் கருவி: மெக்கில் வலி வினாப்பட்டி, ரொனால்டு மெல்சாக், 1975. சொற்கள் 78, தொகுதிகள் 20.
• எண்வழி மதிப்பீடு: 0 முதல் 10 வரை. 0 – வலியின்மை. 10 – கற்பனைக்கு எட்டிய மிகக் கடும் வலி. எண் சொல்லத் தயங்கும் நோயாளியிடம் சொல்லே துல்லியம்.

வலி: அடிப்படை
• வலி (பன்னாட்டு வலி ஆய்வுக் கழகம்): திசுச் சேதத்தோடு தொடர்புடைய, அல்லது அதை ஒத்த, விரும்பத்தகாத உணர்வு மற்றும் உணர்ச்சி அனுபவம். முதல் வரையறை 1979; திருத்தம் 2020.
• கழகம் தொடக்கம்: 1973. நிறுவியவர்: ஜான் போனிகா, மயக்கவியல் மருத்துவர்.
• குறுகியகால வலி: அண்மையில் தோன்றியது, காரணம் தெரிந்தது. அறுவை வலி இவ்வகை.
• நாட்பட்ட வலி: 3 மாதத்துக்கு மேல்.
• நரம்பிழை வகைப்பாடு: எர்லாங்கர், காசர். நோபல் 1944.
• ஏ-பீட்டா இழை: தடித்தது, மயலின் உறை உண்டு. தொடுகை, அதிர்வு. வேகம் நொடிக்கு 35–75 மீட்டர்.
• ஏ-டெல்டா இழை: மெல்லியது, மெல்லிய உறை. கூரிய முதல் வலி. நொடிக்கு 5–30 மீட்டர்.
• சி இழை: மிக மெல்லியது, உறை இல்லை. மந்தமான, எரியும் இரண்டாம் வலி. நொடிக்கு 0.5–2 மீட்டர்.
• வேகத்தில் ஏ-பீட்டா முதல், சி கடைசி. டென்ஸ் முழுவதும் இந்த வேக வேறுபாட்டின் மேல் நிற்பதாக நினைப்பது பிழை. முக்கியம் தூண்டல் வரம்பு. தடித்த இழைக்குக் குறைந்த மின்னோட்டம் போதும். அதனால்தான் வலி இழையைத் தொடாமல் தொடுகை இழையை மட்டும் எழுப்ப முடிகிறது.
• வட்டார எடுத்துக்காட்டு: மிளகாய் கிள்ளிய கையின் எரிச்சல். காரணப் பொருள் கேப்சைசின். அதன் ஏற்பி கண்டறியப்பட்டது 1997, டேவிட் ஜூலியஸ். நோபல் 2021, ஆர்டெம் படாபூட்டியனுடன். விளாத்திகுளம், எட்டயபுரம் மானாவாரி மிளகாயிலும் அதே பொருள்.

வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு
• வெளியீடு: ‘சயின்ஸ்’ இதழ், நவம்பர் 1965.
• இருவர்: ரொனால்டு மெல்சாக் (1929–2019, கனடா, உளவியலாளர்), பேட்ரிக் வால் (1925–2001, பிரிட்டன், நரம்பியல் அறிவியலாளர்).
• கருத்து: தண்டுவடத்தின் பின்கொம்பில் ஒரு வாயில். தடித்த இழையின் செய்தி வாயிலை மூடும். மெல்லிய இழையின் செய்தி திறக்கும். மூளையிலிருந்து இறங்கும் செய்தியும் வாயிலை இயக்கும்.
• வாயிலின் இடம்: சப்ஸ்டான்ஷியா ஜெலட்டினோசா, தண்டுவட அடுக்கு 2. அடுக்கு எண் முறை: ரெக்செட், 1952, மொத்தம் 10.
• அன்றாடச் சான்று: இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்தால் வலி தணிதல்.
• இன்றைய நிலை: கோட்பாட்டின் நுணுக்கங்கள் பல திருத்தப்பட்டுவிட்டன; மையக் கருத்து நிற்கிறது. தேர்வு விடையில் 1965 வடிவமே போதும்.

இரண்டாம் இயக்கமுறை: அகமருந்து (உடலே சுரக்கும் ஓபியாய்டு)
• ஓபியாய்டு ஏற்பி கண்டறிதல்: 1973.
• என்கெபலின் என்னும் அகமருந்து கண்டறிதல்: 1975, ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ், ஆபர்டீன்.
• குறை அதிர்வெண் டென்ஸ்: மியூ வகை ஓபியாய்டு ஏற்பி வழி.
• உயர் அதிர்வெண் டென்ஸ்: டெல்டா வகை ஓபியாய்டு ஏற்பி வழி.
• விளைவு: மார்பின் நெடுநாள் எடுத்து மியூ ஏற்பி பழகிப்போனவருக்குக் குறை அதிர்வெண் பலன் குறைவு, உயர் அதிர்வெண்ணே தேர்வு.
• ஒரே அமைப்பை நாள்தோறும் வைத்தாலும் உடல் பழகிவிடும். தீர்வு: அதிர்வெண்ணை மாற்றி மாற்றி வைத்தல்.
• காஃபீன் 200 மில்லிகிராம் (சுமார் இரண்டு கோப்பைக் காப்பி) டென்ஸ் பலனைக் குறைத்ததாக 1995 ஆய்வு. காரணம்: அடினோசின் ஏற்பித் தடை.

காலவரிசை
• கி.பி. முதல் நூற்றாண்டு: ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், உரோம மருத்துவர். தலைவலிக்கும் கீல்வாதக் கால்வலிக்கும் உயிருள்ள மின்திருக்கை. மின்சாரம் என்றால் என்ன என்று தெரியாத காலத்து மின்சிகிச்சை. மின்திருக்கை இனங்கள் தமிழகக் கடலோரத்திலும் உண்டு.
• 1791: கால்வானி, தவளைக் கால் தசைத் துடிப்பு.
• 1800: வோல்ட்டா, முதல் மின்கல அடுக்கு.
• 1846 அக்டோபர் 16: பாஸ்டன், மார்ட்டன், ஈதர் மயக்கத்தின் பொதுச் செயல்விளக்கம். உலக மயக்கவியல் நாள் இதுவே.
• 1847 மார்ச் 22: கல்கத்தா, இந்தியாவில் முதல் ஈதர் மயக்கம். பாஸ்டனுக்கு ஐந்து மாதம் பின்.
• 1855: டுஷேன், பிரான்ஸ், இடஞ்சார் மின்தூண்டல் நூல்.
• 1919: ‘எலக்ட்ரீட்’, அமெரிக்கா, மின்கலக் கைக்கருவி, காப்புரிமை. நம்பிக்கை விற்பனை அதிகம், சான்று குறைவு.
• 1965: வாயில் கோட்பாடு.
• 1967: வால், ஸ்வீட். முதல் நேரடிச் சோதனை.
• 1967: நார்மன் ஷீலி, அமெரிக்கா. தண்டுவடத்தில் பதித்த முதல் தூண்டி.
• 1970களின் முதற்பாதி: உடலில் அணியும் தோல்வழிக் கருவி, அறுவைக்குப் பின் முதல் பயன்பாட்டு அறிக்கைகள்.
• கவனிப்பு: பதிக்கும் கருவியே முதலில் வந்தது. யாருக்குப் பதித்தால் பலிக்கும் என முன்கூட்டியே அறியத் தோல்மேல் வைத்துப் பார்த்தனர். அந்தச் சோதனைக் கருவி தனிச் சிகிச்சையாக நிலைத்தது.

1967 சோதனை: தனிக்குறிப்பு
• இதழ்: ‘சயின்ஸ்’.
• வில்லியம் ஸ்வீட்: மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை, நரம்பியல் அறுவை மருத்துவர்.
• நோயாளிகள்: 8, கடும் நாட்பட்ட தோல்வலி.
• துடிப்பு: சதுர அலை, 0.1 மில்லி நொடி, நொடிக்கு 100.
• அளவு உயர்த்தல்: வலியிடத்தில் கூச்சம் தோன்றும் வரை.
• 2 நிமிடத் தூண்டல். 4 பேருக்கு அரை மணிக்கு மேல் நிவாரணம்.
• வால், ஸ்வீட் இருவரும் முதலில் சோதித்தது தம் முக நரம்புகளில் தாமே. இந்த ஒரு வரிக்காகவே இந்த ஆய்வு பாடநூல்களில் மறக்கப்படுவதில்லை.
• இன்றைய கருவியின் வழக்கமான அமைப்பு இந்த 100 ஹெர்ட்ஸ், 100 மைக்ரோ நொடியிலிருந்து அதிகம் விலகவில்லை.

கருவியின் அளவுகள்
• மூன்று மாறிகள்: அதிர்வெண், துடிப்பகலம், செறிவு.
• அதிர்வெண் அலகு ஹெர்ட்ஸ். துடிப்பகலம் மைக்ரோ நொடி. செறிவு மில்லி ஆம்பியர்.
• வழக்கமான முறை: 50–120 ஹெர்ட்ஸ், 50–200 மைக்ரோ நொடி, வலுவான கூச்சம், தசைத் துடிப்பு இல்லை.
• அக்குபங்சர் ஒத்த முறை: 1–4 ஹெர்ட்ஸ், நீண்ட துடிப்பு, கண்ணுக்குத் தெரியும் தசைத் துடிப்பு.
• வெடிப்பு முறை: உயர் அதிர்வெண் துடிப்புக் கொத்துகள், நொடிக்கு 2 கொத்து.
• குறுகிய தீவிர முறை: உயர் அதிர்வெண், நீண்ட துடிப்பு, தாங்கக்கூடிய உச்சச் செறிவு, சுமார் 15 நிமிடம்.
• பண்பேற்ற முறை: அளவுகள் தாமே மாறுதல், பழகிப்போதலுக்கு மாற்று.
• அலைவடிவம்: இருதிசை. காரணம்: ஒருதிசை மின்னோட்டம் தோலடியில் அயனிகளைக் குவித்துப் புண்ணாக்கும்.
• குறுக்கீட்டு மின்னோட்டம் வேறு: இரு நடு அதிர்வெண் மின்னோட்டங்கள் உடலுள் சந்தித்தல். 4,000, 4,100 ஹெர்ட்ஸ் எனில் விளைவு 100 ஹெர்ட்ஸ். கழித்தல் கணக்கு; ஒரு மதிப்பெண்.

அறுவைக்குப் பின்: ஆய்வு எண்கள்
• 1996: கேரல் குழு, ஆக்ஸ்ஃபோர்டு. சமவாய்ப்பு ஆய்வுகள் 17. அவற்றில் 15இல் பலனில்லை. சமவாய்ப்பு முறை இல்லாதவை 19. அவற்றில் 17இல் பலன் உண்டு.
• பொருள்: ஆய்வு முறை தளர்ந்தால் பலன் பெருகித் தெரியும். சமவாய்ப்பு ஒதுக்கீட்டின் தேவைக்கு உலகெங்கும் காட்டப்படும் எடுத்துக்காட்டு.
• 1997: பெனடெட்டி குழு, தூரின், இத்தாலி. மார்பு அறுவை நோயாளிகள் 324.
– விலா ஊடாகப் பெருவெட்டு, கடும் வலி: டென்ஸ் பலனில்லை.
– தசை காக்கும் வெட்டு, நெஞ்செலும்புப் பிளவு, மிதமான வலி: மருந்துடன் துணையாகப் பலன்.
– காணொளிவழிச் சிறுதுளை அறுவை, இலேசான வலி: தனியாகவே பலன்.
• நினைவுக்குறி: கடும் – இல்லை, மிதம் – துணை, இலேசு – தனி.
• 2003: பியோர்டால், ஜான்சன், லியுங்கிரீன், நார்வே, பெர்கன். சமவாய்ப்பு ஆய்வுகள் 21, நோயாளிகள் 1,350.
– வலிமருந்துத் தேவைக் குறைவு, சராசரி: 26.5 விழுக்காடு.
– வலுவான, வலியில்லா உச்சச் செறிவு, வெட்டுக்காயத்தருகே (11 ஆய்வு, 964 பேர்): 35.5 விழுக்காடு.
– செறிவு உறுதியாகத் தெரியாத 9 ஆய்வு: 4.1 விழுக்காடு.
– இடைநிலை அதிர்வெண்: 85 ஹெர்ட்ஸ்.
• 35.5 எதிர் 4.1: இப்பாடத்தின் மிக முக்கியமான இரு எண்கள். ஒரே கருவி, வேறுபட்டது செறிவு. செறிவுக் குமிழைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கருவி பலிக்கவில்லை என எழுதிய அறிக்கைகள் 1996 கணக்கிலும் இருந்திருக்க வாய்ப்பு. 1996, 2003 முடிவுகள் முரண் அல்ல. கேட்ட கேள்வி வேறு. முதலாவது கேட்டது, முறை சரியா; இரண்டாவது கேட்டது, அளவு சரியா.
• 2022: ஜான்சன் குழு, ‘பிஎம்ஜே ஓப்பன்’. ஆய்வுகள் 381, பங்கேற்பாளர்கள் 24,532. முடிவு: தூண்டலின்போதும் முடிந்த உடனேயும் வலிச்செறிவு போலித் தூண்டலை விடக் குறைவு, கடும் தீங்கு அரிது.
• பலன் கூடுதலாகத் தெரிவது: அசையும்போது – இருமல், ஆழ்மூச்சு, நடை. படுத்திருக்கும்போது குறைவு.
• அதன் பயன்: இருமினால் சளி வெளியேறும், நடந்தால் இரத்த உறைவு வாய்ப்புக் குறையும். வலி அஞ்சி அசையாமல் கிடத்தலே அறுவைக்குப் பின் நுரையீரல் சிக்கலுக்கு ஒரு காரணம்.
• குறைபாடு: மறைப்பு முறை கடினம். கூச்சம் தெரிந்தால் உண்மைக் கருவி, தெரியாவிட்டால் போலி என நோயாளியே கண்டுகொள்வார்.

பொருத்தும் முறை
• மின்முனை இடம்: தையலின் இருபுறமும் இணையாக, காயத்தைத் தொடாமல். திறந்த புண்மேல் ஒருபோதும் இல்லை.
• மாற்று இடம்: அதே தோல்நரம்புப் பட்டையின் முதுகுப்புறம், தண்டுவடத்தை ஒட்டி.
• தோல்நரம்புப் பட்டை: மார்பு 4 – முலைக்காம்பு மட்டம், மார்பு 10 – தொப்புள், இடுப்பு 1 – கவட்டை, இடுப்பு 3 – முழங்கால். குடலிறக்க வெட்டுக்கு இடுப்பு 1.
• தோல்: சுத்தம், உலர்வு, உணர்வு உள்ள இடம்.
• நேரம்: ஒரு முறைக்கு 30–60 நிமிடம்.
• செறிவு: கூச்சம் மங்கினால் மீண்டும் உயர்த்தல்.
• பயிற்சி: அறுவைக்கு முன்பே. மயக்கம் தெளிந்த பின் குமிழ் திருகக் கற்பித்தல் பயனற்றது.
• பலன் மறைவு: நிறுத்தியபின் விரைவில். தொடர்ச்சி தேவை.

கூடாதவை
• இதயமுடுக்கி, பதித்த அதிர்வுக் கருவி.
• கழுத்தின் முன்புறம், கரோட்டிட் பகுதி: இரத்த அழுத்தச் சரிவு, குரல்வளை இறுக்கம்.
• கர்ப்பிணியின் வயிறு, இடுப்பு (பேற்றுவலிப் பயன்பாடு தனிப் பாடம்).
• கண்மேல், மார்பின் குறுக்கே.
• ஆழ்சிரை இரத்த உறைவு உள்ள கால்.
• உணர்விழந்த தோல். தொழுநோய், நீரிழிவு நரம்புச் சிதைவு நோயாளிகளிடம் முன்சோதனை கட்டாயம்.
• வலிப்பு நோயாளியின் தலை, கழுத்து.
• பொதுப் பக்கவிளைவு: மின்முனையடியில் தோல் சிவப்பு, அரிப்பு.

தமிழகத் தொடர்பு: பெயர்கள்
• பால் பிராண்ட் (1914–2003): பிறப்பு கொல்லிமலை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, 1946 முதல். தொழுநோயில் விரல் இழப்புக்குக் காரணம் வலியுணர்வின் இழப்பு என நிறுவியவர். வலியைப் போக்குவோர் பட்டியலில் வலியின் தேவையைச் சொன்னவர். அதனாலேயே பட்டியலில் முதலிடம்.
• ஜேக்கப் சாண்டி: இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை மருத்துவர், வேலூர், 1949.
• பா. ராமமூர்த்தி (1922–2003): பிறப்பு சீர்காழி. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவு, 1950.
• டி.எஸ். கனகா (1932–2018): விரிவு – தஞ்சாவூர் சந்தானகிருஷ்ண கனகா. பிறப்பு சென்னை.
– ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்.
– எம்.பி.பி.எஸ். 1954, எம்.எஸ். 1963, எம்.சி.எச். 1968, முனைவர் பட்டம் 1972.
– 1962 சீனப் போர்க்காலத்தில் இராணுவப் பணி.
– இந்தியாவில் மூளைக்குள் நெடுநாள் மின்முனை பதித்த முதல்வர். ஆழ்மூளைத் தூண்டல் 1975.
– ஒப்பீடு: இன்று பரவியுள்ள உயர் அதிர்வெண் ஆழ்மூளைத் தூண்டல், பெனாபிட், பிரான்ஸ், 1987. பன்னிரண்டு ஆண்டு பின். பாடநூல்கள் பிரான்சை மட்டும் சொல்வது நியாயமில்லை.
– குருதிக்கொடை: 139 முறை, லிம்கா சாதனைப் புத்தகம், 2004.
• வி.எஸ். ராமச்சந்திரன்: பிறப்பு 1951. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. இழந்த உறுப்பில் தோன்றும் மாயவலிக்கு ஆடிப்பெட்டிச் சிகிச்சை, 1990கள். பத்ம பூஷண் 2007. மாயவலி என்ற பெயர்வழக்கின் முன்னோடி: வெயர் மிட்செல், 1871.

அமைப்பு, சட்டம், திட்டம்
• போதைப்பொருள், மனமயக்கப்பொருள் சட்டம்: 1985. திருத்தம் 2014: ‘இன்றியமையாப் போதை மருந்து’ வகை. முதலில் 6 மருந்துகள், மார்பின் ஒன்று.
• வலிமருந்து ஏணி: உலக சுகாதார நிறுவனம், 1986. படிகள் 3.
• தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்: 1994.
• மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்: 2012. இவ்வகையில் நாட்டில் முதல்.
• துணை, சார்பு மருத்துவத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டம்: 2021. இயன்முறை மருத்துவம் இதன்கீழ்.
• மக்களைத் தேடி மருத்துவம்: 5.8.2021, சாமனப்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம். வீட்டுவாசலில் மருந்து, இயன்முறைச் சிகிச்சை, வலித்தணிப்பு. ஐ.நா. விருது 2024.
• அறுவை முடிந்து ஊர் திரும்பிய கரிசல் நோயாளிக்கு இத்திட்டத்தில் தொடர்புடைய பகுதி: இயன்முறை மருத்துவர் வருகை. பருத்தி எடுப்பு, களையெடுப்பு காலத்தில் பகலில் வீடு பூட்டிக் கிடப்பது நடைமுறைச் சிக்கல்.
• உலக இயன்முறை மருத்துவ நாள்: செப்டம்பர் 8.

குழப்பும் இணைகள்
• 1965 – கோட்பாடு. 1967 – சோதனை.
• மெல்சாக் – உளவியலாளர். வால் – நரம்பியல் அறிவியலாளர். ஸ்வீட் – அறுவை மருத்துவர்.
• ஷீலி – தண்டுவடத் தூண்டி. கனகா – ஆழ்மூளை.
• உயர் அதிர்வெண் – டெல்டா. குறை அதிர்வெண் – மியூ.
• தசைத் தூண்டல் – தசை சுருங்குவதே நோக்கம். டென்ஸ் – உணர்வு நரம்பே நோக்கம்.
• முதல் வலி – ஏ-டெல்டா. இரண்டாம் வலி – சி.
• 26.5 – சராசரி; 35.5 – சரியான செறிவு, 4.1 – செறிவு உறுதியற்றது.